ஆஃபர் லெட்டர் வந்தது... விசா வரவில்லை!



மாணவர் பேரவைத் தம்பிகள் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும்" என்றார்கள். "எனக்கு லேத்தும் மில்லிங்கும் தெரியும். கட்டுரை எங்கப்பா தெரியும்? ரெக்கார்டு நோட்டையே பக்கத்துப் பையனைப் பார்த்துத்தான் எழுதினேன்" என்றேன். "உங்க சிங்கப்பூர் கதையை எழுதுங்கண்ணே" என்றான் ஒருவன். மற்றவன் சட்டென்று அவன் காலை மிதித்தான்.

மிதித்திருக்க வேண்டியதில்லை. அதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் சிங்கப்பூருக்குப் போகவே இல்லை என்பதுதான் அந்தக் கதை! கையில் வேலை உத்தரவு இருந்தது, விசா மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஆறேழு மாதம் நான் கற்ற சட்டம் மூன்று வருட டிப்ளமோவில் எந்த செமஸ்டரிலும் இல்லாத பாடம். அதை உங்களுக்குச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

2016-இல் மெக்கானிக்கல் முடித்துவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் சேர்ந்தேன். ஆறு வருடத்தில் சி.என்.சி. செட்டராக உயர்ந்தேன். 2022 ஜூனில் ஊர்க்காரர் ஒருவர் மூலம் திருச்சியில் ஒரு ஏஜென்ட் அறிமுகமானார். வீடியோவில் இன்டர்வியூ நடந்தது. ஜூலையில் சிங்கப்பூர் கம்பெனியின் ஆஃபர் லெட்டர் வந்தது. டெக்னீஷியன் வேலை, எஸ் பாஸ், மாதம் 2,600 சிங்கப்பூர் டாலர். வீட்டில் எல்லோரும் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தோம். அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

ஏஜென்டுக்கு மொத்தம் 1,40,000 ரூபாய் கொடுத்தோம். முதலில் 50,000 ரொக்கம். "ஃபைல் சார்ஜ் தம்பி, இதுக்கு ரசீது கிடையாது" என்றார். சரி என்று தலையாட்டினேன். மீதி 90,000 வங்கிக் கணக்கு வழியாகப் போனது. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி கூட்டுறவு வங்கிக்கு அடகு போனது.

"இன்னும் ஒரு மாசத்துல ஃப்ளைட்டு. இப்பவே வேலையை விட்டுடுங்க" என்று ஏஜென்ட் சொன்னார். நானும் ஆகஸ்டில் ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலம் முடிந்து செப்டம்பர் முதல் வாரத்தில் வெளியே வந்தேன். சூப்பர்வைசர் கைகுலுக்கினார். கூட வேலை பார்த்தவர்கள் ஒரு சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் மெயில் வந்தது. எஸ் பாஸ் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்றும், சம்பளம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருப்பதுதான் காரணம் என்றும் அதில் இருந்தது.

என்ன அர்த்தம் என்று அப்போது புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. புதிய எஸ் பாஸ் விண்ணப்பங்களுக்கு அதுவரை குறைந்தபட்சச் சம்பளம் 2,500 டாலர். 2022 செப்டம்பர் 1 முதல் அதை 3,000 டாலராக உயர்த்திவிட்டார்கள். இது திடீரென்று வந்ததும் அல்ல. அந்த வருடம் பிப்ரவரி பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். என் விண்ணப்பம் போனது செப்டம்பர் இரண்டாம் வாரத்தில்! ஜூலையில் கையெழுத்துப் போட்ட காகிதம் ஆகஸ்டு முழுக்க யாருடைய மேஜை மேலோ தூங்கியிருக்கிறது.

ஏஜென்டிடம் போனேன். "விசா குடுக்கிறது கவர்ன்மென்ட். நான் என்ன பண்ண முடியும்? ரிஜெக்ட் ஆனா பணம் திரும்பாது" என்றார். கம்பெனியோ 3,000 கொடுக்கத் தயாராக இல்லை. பழைய இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. சூட்கேஸ் மட்டும் புதுசாக மூலையில் நின்றது.

வக்கீல் மாமாவின் பாடம்

அப்பாவின் சின்ன வயது சிநேகிதர் ஒருவர் வக்கீல். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் காகிதங்களையெல்லாம் தூக்கிக்கொண்டு போனேன்.

"மாமா, ஆஃபர் லெட்டர் இருக்கு. கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு. கேஸ் போட்டு வேலையை வாங்கிடலாமா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கோடு போட்டார். "மாப்ளே, உன் கையில இருக்கிறது ஒரே விவகாரம்னு நினைக்கிற. இது மூணு. உனக்கும் கம்பெனிக்கும் ஒண்ணு. உனக்கும் ஏஜென்டுக்கும் ஒண்ணு. உனக்கும் அந்த நாட்டு அரசாங்கத்துக்கும் ஒண்ணு. ஒரு கயிறு அறுந்தா மூணும் அறுந்துட்டதா ஏஜென்ட் சொல்றான். நீயும் நம்புற. அதான் தப்பு" என்றார்.

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு கயிறாகப் பார்ப்போம்.

முதல் கயிறு: அரசாங்கம்

இது சுலபம். ஒரு வெளிநாட்டில் வேலை செய்ய அனுமதி கேட்பது நம் உரிமை அல்ல. கொடுப்பதும் மறுப்பதும் அந்த நாட்டின் விருப்பம். சிங்கப்பூரில் எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் இரண்டுக்கும் தொழிலாளி நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. முதலாளியோ அவர் நியமித்த ஏஜென்சியோதான் விண்ணப்பிக்க வேண்டும். எஸ் பாஸ் மறுக்கப்பட்டால் மூன்று மாதத்துக்குள் முறையீடு செய்ய வழி உண்டு. அதையும் முதலாளிதான் செய்ய வேண்டும். மறுத்ததற்கான காரணம் சரியாகாமல் சும்மா முறையிட்டுப் பயனில்லை. என் விஷயத்தில் சம்பளத்தை 3,000 ஆக்கினால் ஒழிய எதுவும் நடக்காது.

ஆகவே இந்தக் கயிறு அறுந்தால் அறுந்ததுதான். "விசிட் விசாவுல போயிட்டு அங்க மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். உரிய பாஸ் இல்லாமல் வேலை செய்வது சிங்கப்பூரில் முதலாளிக்கும் குற்றம், தொழிலாளிக்கும் குற்றம். அபராதம், சிறை இரண்டும் உண்டு.

இரண்டாம் கயிறு: கம்பெனியின் ஆஃபர் லெட்டர்

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். விசா மறுக்கப்பட்ட பிறகு ஆஃபர் லெட்டருக்கு மதிப்பு உண்டா?

நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டுச் சட்டம். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் ஒன்றைத் தருவதாகச் சொல்லி மற்றவர் அதை ஏற்றுக்கொண்டால் அது வாக்குறுதி. சட்டம் செயல்படுத்தக்கூடிய உடன்பாடு ஒப்பந்தம். அந்த வகையில் நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆஃபர் லெட்டர் வெறும் காகிதம் அல்ல, ஒப்பந்தம்தான்.

ஆனால் எப்படிப்பட்ட ஒப்பந்தம்? மாமா என் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினார். இந்த வேலை, வொர்க் பாஸ் அனுமதிக்கு உட்பட்டது என்று பொடி எழுத்தில் இருந்தது. இத்தனை நாளும் நான் சம்பள வரியை மட்டும்தான் படித்திருக்கிறேன்!

இதற்கு 'நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தம்' என்று பெயர். 31, 32-ஆவது பிரிவுகள் இதைச் சொல்கின்றன. நிச்சயமில்லாத ஒரு நிகழ்ச்சி நடந்தால்தான் இதைச் செய்வேன் என்று ஒப்பந்தம் போட்டால், அது நடக்கும்வரை கோர்ட்டுக்குப் போக முடியாது. அது நடக்கவே முடியாது என்றாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். சட்டத்திலேயே அழகான உதாரணம் இருக்கிறது. ஒருவன் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்தால் இவ்வளவு பணம் தருவதாக இன்னொருவன் ஒப்புக்கொள்கிறான். கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பெண் இறந்துவிடுகிறாள். ஒப்பந்தம் செல்லாது. இங்கே விசாதான் அந்தக் கல்யாணம்.

"அப்ப லெட்டர்ல அந்த வரியே இல்லைன்னா?" என்று கேட்டேன்.

அப்போதும் வேலையைப் பிடித்து வாங்க முடியாது. 56-ஆவது பிரிவு வந்துவிடும். ஒப்பந்தம் போட்ட பிறகு அதை நிறைவேற்றுவது நடக்காத காரியமாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. பாஸ் இல்லாத ஆளை வேலைக்கு வைப்பது அந்த நாட்டில் குற்றம் என்னும்போது, வைத்துத்தான் ஆகவேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது.

இதில் நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. ஒப்பந்தம் செல்லாது என்றால் இரு பக்கத்துக்கும் செல்லாது. 'வேலைக்கு வராவிட்டால் இவ்வளவு அபராதம்' என்று சில கடிதங்களில் இருக்கும். நம் தப்பில்லாமல் விசா மறுக்கப்பட்டால் நாம் ஒப்பந்தத்தை மீறியவர்கள் அல்ல. மீறல் இல்லை என்றால் அபராதமும் இல்லை.

தாமதம் வேறு, மறுப்பு வேறு

விசா வரத் தாமதமாகிறது என்பதற்காக ஒப்பந்தம் உடனே செத்துவிடாது. உச்ச நீதிமன்றம் சத்யபிரத கோஷ் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. 1954-ஆம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் வெளியான தீர்ப்பு அது. கல்கத்தாவில் ஒரு மனை விற்பனைத் திட்டம். யுத்த காலத்தில் அரசாங்கம் அந்த நிலத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்துபோயிற்று என்று கம்பெனி சொன்னது. கோர்ட் ஏற்கவில்லை. அது தற்காலிகத் தடங்கல்தான், ஒப்பந்தத்தின் அடிப்படையே தகர்ந்துவிடவில்லை என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னது. நடக்காத காரியம் என்றால் உலகத்தில் எவராலும் முடியாதது என்று அர்த்தம் அல்ல. இரு தரப்பும் எந்த நோக்கத்துக்காக ஒப்பந்தம் போட்டார்களோ அந்த நோக்கமே வீணாகிவிட்டால் போதும்.

ஆனால் கடிதத்தில் 'இந்தத் தேதிக்குள் பாஸ் கிடைத்தால்' என்று கெடு இருந்தால் கதை வேறு. கெடு தாண்டினால் ஒப்பந்தம் போயிற்று. 35-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ஒரு வருடத்துக்குள் கப்பல் திரும்பினால் பணம் என்பது அதன் உதாரணம். ஆகவே உங்கள் கடிதத்தில் கெடு இருக்கிறதா என்று பாருங்கள்.

யார் தப்பு?

இதுவரை சொன்னது யார் தப்பும் இல்லாத நிலை. தப்பு இருந்தால் கணக்கு மாறும்.

முதலாளி பக்கம் தப்பு: விண்ணப்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டு விண்ணப்பிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது விசா மறுப்பே அல்ல, வாக்கு மீறல். 73-ஆவது பிரிவுப்படி நஷ்ட ஈடு கேட்கலாம். 56-ஆவது பிரிவின் மூன்றாம் பத்தி இன்னும் முக்கியம். நடக்காது என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தால், அல்லது நியாயமான அக்கறை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால், தெரியாமல் நம்பிய மற்றவருக்கு அவர் நஷ்ட ஈடு தர வேண்டும். சட்டத்தின் உதாரணம் இதற்கும் கல்யாணம்தான்! ஏற்கெனவே மனைவி உள்ளவன், இரண்டாம் தாரம் சட்டப்படி கூடாது என்ற நிலையில், இன்னொரு பெண்ணுக்கு வாக்குக் கொடுக்கிறான். கல்யாணம் நடக்காது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஈடு கொடுத்தாக வேண்டும்.

நம் பக்கம் தப்பு: போலி அனுபவச் சான்றிதழ், மறைத்த வியாதி, திருத்திய மார்க் ஷீட். இவற்றால் மறுக்கப்பட்டால் எவரிடமும் எதுவும் கேட்க முடியாது. நாம்தான் பதில் சொல்ல வேண்டும். பொய்த் தகவலை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய 19-ஆவது பிரிவு முதலாளிக்கு உரிமை தருகிறது. அந்த நாட்டில் மறுபடி கால் வைக்கும் வாய்ப்பும் போகும். "எக்ஸ்பீரியன்ஸ் ரெண்டு வருஷம் கூட்டிப் போட்டுக்கலாம் தம்பி" என்று ஏஜென்ட் சொன்னால், அந்தக் கையெழுத்து அவருடையது அல்ல, உங்களுடையது.

"அப்ப மாமா, சம்பள விதி மாறுறது பிப்ரவரியிலேயே தெரிஞ்ச விஷயம். கம்பெனி மேல கேஸ் போடலாமே?" என்றேன்.

"வாதம் இருக்கு. ஆனா கம்பெனி சிங்கப்பூர்ல இருக்கு. உன் கடிதத்துல அந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்னு எழுதியிருக்கு. நாம பேசினது இந்தியச் சட்டம். அங்கேயும் இதே மாதிரி தத்துவம் உண்டு. ஆனா அங்க போய் வக்கீல் வெச்சு நீ வாங்கப்போற தொகை வக்கீல் பீஸுக்குப் பத்தாது" என்றார்.

இது கசப்பான உண்மை. வேலை செய்யாத மாதங்களுக்குச் சம்பளமோ, அம்பத்தூரில் நான் விட்ட வேலைக்கு ஈடோ அந்தக் கம்பெனியிடம் வாங்க முடியாது என்று அன்றைக்கே தீர்ந்துபோனது. இரண்டாவது கயிறும் அறுந்தது.

மூன்றாம் கயிறு: ஏஜென்டும் பணமும்

மிச்சமிருந்தது இதுதான். ஏஜென்ட் 'அறுந்துவிட்டது' என்று சொன்னதும் இதைத்தான்.

65-ஆவது பிரிவைப் படியுங்கள். ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டால், அதன் பேரில் ஏதாவது ஆதாயம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் அல்லது ஈடு செய்ய வேண்டும். சட்டத்தின் உதாரணம் ஒரு பாட்டுக் கச்சேரி. பாடகர் 1,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார். உடம்பு முடியாமல் பாட முடியவில்லை. கச்சேரி நடந்திருந்தால் வந்திருக்கும் லாபத்தை அவர் தர வேண்டாம். ஆனால் வாங்கிய 1,000 ரூபாயைத் திருப்ப வேண்டும். எனக்குக் கண் திறந்தது இந்த உதாரணத்தில்தான். லாபம் போனது போனதுதான், முன்பணம் போகவில்லை!

அடுத்து, ஏஜென்ட் எவ்வளவு வாங்கலாம்? வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் ஆள் எடுப்பதை 10-ஆவது பிரிவு தடுக்கிறது. 24-ஆவது பிரிவு இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை சொல்கிறது. பதிவு பெற்றவரும் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கும் ரசீது தர வேண்டும். நான் கொடுத்தது 1,40,000!

என் ஏஜென்டின் பெயர்ப் பலகையில் பதிவு எண் இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடினோம், அங்கும் அவர் பெயர் இல்லை. மாமா அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

இங்கே டிப்ளமோ படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். அங்கே ஒப்பந்தம், சம்பளம், ஏஜென்ட் எல்லாவற்றையும் ஓர் அதிகாரி பார்ப்பார். நாம் பத்தாவது தேறியவர்கள். நமக்கு அந்த அனுமதி தேவையில்லை. பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் நம் காகிதத்தை எந்த அதிகாரியும் பார்க்கப்போவதில்லை என்பதுதான் இதன் மறுபக்கம். படித்தவன் தன் காகிதத்தைத் தானே படிக்க வேண்டும்.

பணம் திரும்பியது எப்படி?

2022 நவம்பரில் வக்கீல் நோட்டீஸ் போனது. அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, சேவைக் குறைபாடு: ஜூலையில் கொடுத்த காகிதத்தைச் செப்டம்பர் வரை போடாமல் வைத்தது. இரண்டு, பதிவில்லாமல் ஆள் எடுத்தது. மூன்று, பணத்தைத் திருப்ப மறுப்பது. பதில் வரவில்லை.

2023 ஜனவரியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். ஏஜென்ட் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடவும் செய்யலாம்.

மூன்றாவது வாய்தாவில் ஏஜென்ட் தரப்பு சமாதானத்துக்கு வந்தது. குடிபெயர்வோர் பாதுகாவலருக்கும் போலீசுக்கும் புகார் போய்விடும் என்ற பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். வங்கி வழியாகப் போன 90,000 ரூபாய் இரண்டு தவணையில் திரும்பி வந்தது.

அந்த 50,000? வரவில்லை. "அப்படி ஒரு பணமே வாங்கலை" என்று ஆணையத்தின் வராந்தாவிலேயே நின்று சொன்னார். நான் கொடுத்தபோது பக்கத்தில் அப்பா இருந்தார். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதி வாங்கியிருந்தால் போதும். நான் கேட்கவே இல்லை. "தம்பி" என்று கூப்பிட்டவரிடம் ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன்.

வேறு நாடு என்றால்?

ஊருக்கு ஊர் விதி மாறும். தத்துவம் பெரும்பாலும் ஒன்றுதான். உதாரணமாக ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வேலை உத்தரவு அங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தின் நிலையான படிவத்தில் இருக்கும். ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம் சொல்கிறது. சிங்கப்பூரிலும் வேலை கொடுப்பதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது குற்றம். ஆகவே 'கம்பெனிக்குக் கொடுக்கணும்' என்று சொல்லி உங்களிடம் யார் பணம் கேட்டாலும், அந்தப் பணம் சட்டப்படி இருக்கவே கூடாத பணம்.

எஸ் பாஸ் குறைந்தபட்சச் சம்பளம் 2023 செப்டம்பரில் 3,150 ஆகவும், 2025 செப்டம்பரில் 3,300 டாலராகவும் ஏறியது. வயது கூடினால் இன்னும் அதிகம் வேண்டும். உங்கள் கடிதத்தில் இருக்கும் சம்பளம் விண்ணப்பம் போடும் நாளில் போதுமா என்று நீங்களே அந்த அமைச்சகத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. எனக்கு அந்த ஐந்து நிமிஷத்தின் விலை அம்பத்தூர் வேலை.

செய்ய வேண்டியவை

1. ஆஃபர் லெட்டரை முழுக்கப் படியுங்கள். 'அனுமதிக்கு உட்பட்டது' என்ற வரி, கெடு தேதி, எந்த நாட்டுச் சட்டம், விசா செலவு யாருடையது, மறுக்கப்பட்டால் என்ன என்ற ஐந்தையும் தேடுங்கள். கடைசி விஷயம் இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

2. விசா அல்லது முன் அனுமதிக் கடிதம் வந்து, அதை அந்த நாட்டு அரசு இணையதளத்தில் சரிபார்க்கும்வரை இருக்கும் வேலையை விடாதீர்கள். விட்டுவிட்டீர்கள் என்றால், ராஜினாமா நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே அதைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுங்கள். கம்பெனி விதிகள் இதற்கு இடம் கொடுக்கின்றனவா என்றும் பாருங்கள்.

3. ஏஜென்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட்டில் பாருங்கள். இல்லாதவரிடம் டீ கூடக் குடிக்க வேண்டாம். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்று 1978 முதல் இருக்கிறது. அங்கேயும் பதிந்துவையுங்கள்.

4. எந்தப் பணமும் வங்கி வழியாக மட்டும். எதற்காக என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

5. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் ஒப்புகை வாங்குங்கள். விசா மறுக்கப்பட்டால் முதலில் திரும்ப வாங்க வேண்டியது அவற்றைத்தான்.

6. மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். யார் தப்பு என்பது அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது.

7. வேலையே இல்லாமல் போலிக் கடிதம் கொடுத்திருந்தால் அது ஒப்பந்த விவகாரம் அல்ல, மோசடி. நேராகப் போலீசுக்குப் போங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு ஏழு வருடம் வரை தண்டனை சொல்கிறது.

முடிக்கும் முன்...

மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, மாதம் 4,000 ரூபாய் குறைவாக வேறொரு மெஷின் ஷாப்பில் சேர்ந்தேன். 2024 பொங்கலுக்கு அம்மாவின் சங்கிலி வீட்டுக்கு வந்தது. அம்மா அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இனிமே சிங்கப்பூர்னு யாராச்சும் சொன்னா வெளக்கமாறுதான்" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போகலாம், தாராளமாகப் போகலாம். நம் கல்லூரியில் படித்துவிட்டு முறையாகப் போய் நன்றாக இருக்கும் அண்ணன்கள் எத்தனையோ பேர்.

ஃபிட்டிங் ஷாப்பில் நமக்கு முதல்நாள் சொல்லிக் கொடுப்பது என்ன? அறுப்பதற்கு முன்னால் அளந்து பார். இரும்புக்குச் சொன்ன அதே பாடம்தான் இந்தக் காகிதத்துக்கும். அந்தப் புது சூட்கேஸ் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. உங்களில் முறையான விசாவோடு முதலில் கிளம்புகிறவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். வரும்போது ஆஃபர் லெட்டரையும் கொண்டு வாருங்கள். இரண்டாம் பக்கத்தைச் சேர்ந்து படிப்போம்.



— முன்னாள் மாணவன், இயந்திரவியல் துறை